முதலில் ஏறியவர்கள்

வண்டிகளுக்கு சீட் உறை தைக்கும் அந்தப் பட்டறையில் காலை முழுவதும் யாரும் யாரோடும் பேச முடியாது. ஒரு பக்கம் தையல் மெஷின்களின் இரைச்சல், இன்னொரு பக்கம் ஃபோம் அறுக்கிற ரம்பம், போதாக்குறைக்கு ஸ்டேப்ளர் துப்பாக்கி வேறு. பக்கத்தில் நின்று கத்தினாலும் உதடு அசைவதுதான் தெரியும். அதனால் சாப்பாட்டு வேளையில் எல்லாம் ஓய்ந்ததும் அடைத்து வைத்திருந்த பேச்சு மடை திறந்துகொள்ளும். அந்தப் பேச்சுக்கு அவர்கள் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார்கள். அதற்கு ‘கேஸ்’ என்று பெயர்.

யாராவது ஒரு விஷயத்தை எடுத்துப் போடுவார்கள். மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பது நல்லதா, கெட்டதா? நாய் வளர்ப்பது சந்தோஷமா, தலைவலியா? இப்படி எதுவாகவும் இருக்கலாம். பிறகு கட்டிங் மேசைக்கு அடியில் கிடக்கும் ரெக்சின் துண்டு ஒன்றைச் சுண்டிப் போடுவார்கள். பளபளப்பான பக்கம் மேலே விழுந்தால் சுண்டியவர் ‘ஆமாம்’ பக்கம். துணிப்பக்கம் விழுந்தால் ‘இல்லை’ பக்கம். நீ மனசுக்குள் என்ன நினைக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. நம்பாததை நம்புகிற மாதிரி பேசுவதில்தான் ஆட்டத்தின் ருசியே இருந்தது.

இந்த ஆட்டத்துக்கு ராஜா கட்டிங் மேசைக்காரர்தான். ரெக்சினில் சாக்பீஸால் கோடு போட்டு, கோடு பிசகாமல் வெட்டுகிறவர். கோர்ட் வாசலை மிதித்தவர் இல்லை, ஆனாலும் பட்டறை முழுக்க அவருக்கு ‘வக்கீல்’ என்றுதான் பெயர். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயித்துவிடுவார். மாமியாரோடு இருப்பதுதான் சொர்க்கம் என்று அவர் ஒரு நாள் பேசியதைக் கேட்டு, அவர் மாமியாரைப் பற்றித் தெரிந்தவர்கள்கூடக் கண் கலங்கினார்கள். மனுஷனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன்.

பேசுகிறவர்கள் பொய் பேசலாம். ஆனால் தீர்ப்பு சொல்கிறவர் பொய் சொல்லக் கூடாது, எது மனசுக்குச் சரியென்று பட்டதோ அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த வேலையைப் ‘பைப்பிங்’ என்ற பெண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள். சீட்டின் விளிம்பில் கயிறு மாதிரி ஓடுகிற ஓரத்துக்குப் பைப்பிங் என்று பெயர். அதை வளைவு வளைவாக, சுருக்கம் விழாமல் தைப்பது அவள் வேலை. வேறு ஊரிலிருந்து சில வருஷங்களுக்கு முன்னால் வந்தவள். புருஷன் தூர ஓட்டங்களுக்குப் போகும் லாரி டிரைவர். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதை நகரசபையின் குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவாள். யாருக்கும் உறவும் இல்லை, பகையும் இல்லை. அதனால் நடுவில் உட்கார்ந்து தீர்ப்பு சொல்ல அவளைவிட யார் பொருத்தம்? டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் கேட்டு, யோசித்து, மெல்லிய குரலில் சொல்வாள். அப்பீல் கிடையாது.

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய சமயம் அது. சாவி சின்னத்தில் புதிதாக ஒரு கட்சி முளைத்து, ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்தது. தெருவிளக்கு எரியும், சாக்கடை அள்ளப்படும், தண்ணீர் வரி பாதியாகும் என்றார்கள். அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். நகரசபையின் காப்பகம், குடியிருப்பு, இலவச மருந்தகம் எல்லாம் முதலில் இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு. மிச்சம் இருந்தால் வந்தவர்களுக்கு. அந்தக் கடைசி வாக்குறுதியைச் சொல்லும்போது அவர்களுக்கே கொஞ்சம் நாக்கு குழறியது. எப்படிச் சொன்னாலும் பக்கத்து வீட்டுக்காரனை விரட்டுகிற மாதிரி இருந்ததால் கூட்டத்தில் கைதட்டல் எழவில்லை.

“சாவிக்கு ஓட்டுப் போடலாமா, கூடாதா? இன்னிக்கு இதுதான் கேஸு” என்று ஒரு மதியம் எடுத்துப் போட்டான் ஸ்டேப்ளர் வேலை பார்ப்பவன்.

வக்கீல் சுண்டினார். பளபளப்புப் பக்கம் மேலே விழுந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வக்கீலுக்குச் சாவிக் கட்சி என்றாலே வேப்பங்காய். எதிர்ப்பக்கம் பேச வேண்டியவர் ஃபோம் அறுப்பதால் ‘பஞ்சு’ என்று பெயர் வாங்கியவர். அவரோ சாவிக் கட்சிக்காரர். சட்டையில் சாவி பேட்ஜ் குத்தியிருந்தார். விதியை நொந்துகொண்டே பேட்ஜைக் கழற்றிப் பாக்கெட்டுக்குள் போட்டார்.

“சரி, கேளுங்க” என்று வக்கீல் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “நாம தைக்கிற சீட்டையே எடுத்துக்குவோம். ஒரு பஸ். முதல் ஸ்டாப்புல ஏறினவன் காலைலயே எழுந்து, வெயில்ல காத்துக்கிட்டு நின்னு ஏறினவன். நடுவுல ஒரு ஸ்டாப்புல இன்னும் நாலு பேர் ஏறுறாங்க. நல்லா ஏறட்டும். நான் யாரையும் இறக்கிவிடச் சொல்லல. முதல்ல ஏறினவங்க முதல்ல உக்காரட்டும்னு மட்டும்தான் சொல்றேன். இதுல யாருக்கு என்ன அநியாயம்?”

“ஊரு என்ன பஸ்ஸா?” என்றார் பஞ்சு.

“பஸ்ஸா இருந்தா பிடிக்கலன்னு இறங்கிடலாம். ஊரை விட்டு இறங்கி முதல்ல ஏறினவன் எங்க போவான்? அப்ப பஸ்ஸை விட ஊருக்குத்தான் இந்த நியாயம் அதிகமா வேணும்.”

பஞ்சுவுக்குள் இருந்த சாவிக் கட்சிக்காரர் சந்தோஷத்தில் தலையாட்டிவிட்டு, ஆட்டம் நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். “நடுவுல வந்தவங்களும் உழைக்கிறாங்க, வரி கட்டுறாங்க. அதுக்கென்ன சொல்றீங்க?”

“நின்னுக்கிட்டு வர்றவனும் டிக்கெட் எடுத்தவன்தான் பஞ்சு. டிக்கெட்டு ஏறுறதுக்கு. உக்கார்றதுக்கு இல்ல.”

ஸ்டேப்ளர் “அடேங்கப்பா!” என்று தொடையைத் தட்டினான்.

“கைக்குழந்தையோட ஒருத்தி ஏறினா? எழுந்து இடம் குடுக்க மாட்டீங்களா?” இது பஞ்சுவின் கடைசி அஸ்திரம்.

“கண்டிப்பா குடுப்பேன். அது என் மனசு. ஆனா கண்டக்டர் வந்து என் கையைப் பிடிச்சு எழுப்பக் கூடாது. குடுக்கிறது வேற, பிடுங்கிறது வேற.”

அவ்வளவுதான். பஞ்சு சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் பைப்பிங்கைப் பார்த்தார்கள். அவள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் யோசித்தாள். பிறகு, “வக்கீல் அண்ணன் சொன்னதுதான் சரி” என்றாள். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அவளும் தட்டினாள். அவளுடைய குழந்தையும் அந்தப் பஸ்ஸில்தான் வருகிறது என்று வக்கீலுக்கு அப்போது உறைக்கவே இல்லை. ஜெயித்த மயக்கத்தில் இருப்பவனுக்கு எது உறைக்கும்?

வாசலில் நின்று இன்னொருவரும் கைதட்டிக்கொண்டிருந்தார். முதலாளியின் மச்சினன். டயர் கடை வைத்திருப்பவர், அந்த வட்டாரத்தில் சாவிக் கட்சியின் வேட்பாளர். பிரசார ஜீப்புக்குப் புது உறை கேட்டு வந்திருந்தார். “அண்ணே, இத்தனை நாளா தொண்டை கிழியப் பேசுறோம், ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டேங்குறான். நீங்க சோறு தின்னுக்கிட்டே சொல்லிட்டீங்க. நான் எடுத்துக்கலாமா?”

“அதுக்கென்ன, எடுத்துக்குங்க” என்றார் வக்கீல். பெருந்தன்மை! தனக்கு வேண்டாத பழைய குடையை ஒருவருக்குக் கொடுப்பது போலத்தான் கொடுத்தார்.

அடுத்த நாளே ஜீப் அதைக் கூவிக்கொண்டு தெருத்தெருவாகப் போனது. ‘யாரையும் இறக்கிவிடச் சொல்லவில்லை! முதலில் ஏறியவர்கள் முதலில் உட்காரட்டும்!’ சுவரெல்லாம் அதே வார்த்தை. கறிகாய்க் கடையில், சலூனில், பஸ் நிறுத்தத்தில் ஜனங்கள் அதையே சொன்னார்கள். நேற்றுவரை சொல்லக் கூச்சப்பட்ட ஒன்றைக் கூச்சமில்லாமல் சொல்ல ஒரு வழி கிடைத்துவிட்டது. டிக்கெட் ஏறுவதற்குத்தான் என்று எவனோ ஒருவன் சலூனில் சொல்ல, நாற்காலியில் நுரை பூசி உட்கார்ந்திருந்த வக்கீல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையை அடக்க முடியாமல் வீட்டில் மனைவியிடம் சொன்னார். “தெருவெல்லாம் கத்துறாங்களே, அது யார் வார்த்தை தெரியுமா? என்னோடது.”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கதான் அந்தக் கட்சியைக் கண்டாலே எரிஞ்சு விழுவீங்களே?”

“அதான் வேடிக்கையே. நான் போடப்போற ஓட்டு அவங்களுக்கு இல்ல.”

“ரொம்ப நல்லாருக்கு. ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்துட்டு, நான் மட்டும் குடிக்கலன்னு சொல்ற மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டு அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வக்கீலுக்குச் சுருக்கென்றது. ஆனால் சுருக்கென்றது தூங்கி எழுந்ததும் போய்விட்டது.

சொன்னபடியே எதிர்த்துத்தான் ஓட்டுப் போட்டார். சாவி ஜெயித்தது. ஜெயித்தது என்றால் சாதாரணமாக இல்லை; நகரசபையில் பாதிக்கு மேல் அவர்கள்தான். தோற்ற பழைய கட்சிக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. பட்டறையில் பல நாட்களுக்குக் கேஸே வேண்டியிருக்கவில்லை. ஏன் ஜெயித்தார்கள் என்று பேசவே நேரம் போதவில்லை.

“பழைய ஆளுங்க சாக்கடையில ஒரு கூடை மண்ணு அள்ளினாங்களா? சொல்லுங்க பாப்போம்” என்றார் பஞ்சு, பேட்ஜைத் தைரியமாகக் குத்திக்கொண்டு. “எங்காளுங்க வந்து இன்னும் மூச்சே விடல, அதுக்குள்ள எங்க தெருவில விளக்கு எரியுது.”

அது பொய்யில்லை. வக்கீலின் தெருவிலும் எரிந்தது. அவர் மனைவிகூட, “வெளிச்சம் வெளிச்சம்தான், அதுல என்ன குத்தம்” என்றாள். ஸ்டேப்ளர் மட்டும், “விளக்குக்காக ஜெயிக்கலப்பா. வக்கீல் அண்ணன் பஸ் ஓட்டினாரு, அதுல ஏறி ஜெயிச்சாங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வக்கீல் சிரித்துவிட்டு, ஏனோ அன்று சாப்பாட்டை முடிக்காமல் டப்பாவை மூடினார்.

பிறகு காப்பகத்தின் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். இந்த ஊரில் பிறந்த தாய் அல்லது தகப்பனின் பிள்ளைகளுக்கே இனி இடம். மற்றப் பிள்ளைகள் மாதக் கடைசியோடு நின்றுகொள்ள வேண்டும். ரொம்பக் கஷ்டம் இருக்கிறவர்கள் விசாரணை நாளன்று தாயோ தகப்பனோ நேரில் வந்து கேட்டால், பார்த்துச் செய்வார்கள்.

இதைப் பைப்பிங் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியிடம், “மாசக் கடைசியோட நின்னுக்கிறேன் சார்” என்று மட்டும் சொன்னாள். முதலாளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளை மாதிரி வளைவில் தைக்க வேறு ஆள் இல்லை. அவர் புலம்பியதைக் கேட்டுத்தான் வக்கீலுக்கு விஷயமே தெரிந்தது; காப்பக அறிவிப்பையும் அதையும் சேர்த்துப் பார்த்ததும் காரணமும் புரிந்தது. அவர் அன்று வெட்டிய இரண்டு உறைகள் அளவு தப்பிப் போயின. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

சாப்பாட்டு வேளையில் அவளுடைய மெஷின் பக்கத்தில் போய் நின்றார். “ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? விசாரணைக்குப் போய்க் கேளு. கண்டிப்பா குடுப்பாங்க.”

“வேண்டாம்ணா.”

“என்ன வேண்டாம்? குழந்தையை வச்சுக்கிட்டு நீ எப்படி வேலை பாப்பே? உன் வீட்டுக்காரன் ஒருத்தன் சம்பாத்தியத்துல எத்தனை நாள் தள்ளுவே? நீ என்ன சும்மாவா கேக்கிறே? இந்த ஊரு பஸ்ஸு முழுக்க நீ தைச்ச சீட்டு. இந்த ஊர்க்காரன் ஒவ்வொருத்தனும் உன் தையல் மேலதான் உக்காந்து போறான்...” பேசப் பேச அவருக்கே சூடு பிடித்தது. குரல் ஏறியது. பஞ்சு, ஸ்டேப்ளர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முழுவதும் கேட்டாள். பிறகு, குரலில் கேலியே இல்லாமல், “இதுவும் நல்லாத்தான் இருக்கு. இன்னிக்கு எந்தப் பக்கம் விழுந்துச்சுண்ணா?” என்று கேட்டாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தார். கோபம் நியாயம்தானே, பட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று தன் மேசைக்குப் போனார். அவள் கோபத்தைத் தான் எப்படியாவது துடைத்துவிட வேண்டும், அந்தக் குழந்தையின் இடத்தைத் தான் எப்படியாவது மீட்டுக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவு கட்டினார். விசாரணை நாளன்று அவர் லீவு சொல்லிவிட்டு நகரசபைக்குப் போனார்.

அங்கே நீள அறை ஒன்றில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். நிறையப் பெண்கள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகள். மேசைக்குப் பின்னால் முதலாளியின் மச்சினன், இப்போது கவுன்சிலர். வக்கீலைக் கண்டதும் எழுந்தே வந்துவிட்டார்.

“வாங்கண்ணே, வாங்க! எல்லாருக்கும் சொல்றேன், ‘முதலில் ஏறியவர்கள்’னு சொன்னோமே, அந்த வார்த்தைக்கு அப்பாவே இவர்தான்!”

மேசையைச் சுற்றி நின்ற கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள். நாற்காலிகளில் இருந்த பெண்கள் தட்டவில்லை. அத்தனை கண்களும் அவர் மேல் திரும்பின. முன்வரிசையில் இருந்த ஒருத்தி, பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது வக்கீலுக்கு.

“நான் அதை நம்பிச் சொல்லலைங்க” என்றார். “அது சும்மா சாப்பாட்டு நேரத்து விளையாட்டு. எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் பேசுவோம். அன்னிக்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு. நான் உங்களுக்கு ஓட்டுக்கூடப் போடல.”

கவுன்சிலர் வயிறு குலுங்கச் சிரித்தார். “நம்பாமலே இவ்வளவு சரியா சொல்லியிருக்கீங்க பாருங்க! நம்பிச் சொல்லியிருந்தா நான் மந்திரியே ஆகியிருப்பேன்!” கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். மனுஷன் கெட்டவர் இல்லை. சிரித்து முடித்து, வக்கீலின் தோளில் கை போட்டு ஓரமாக அழைத்துப் போய், “யாருக்காக வந்தீங்கண்ணே?” என்று கேட்டார்.

வக்கீல் சொன்னார்.

“நம்ம பைப்பிங்கா? எனக்குத் தெரியாதா அவளை? என் ஜீப் சீட்டே அவ தைச்சதுதானே. ஒண்ணும் கவலைப்படாதீங்க. மூணு மணிக்குள்ள அந்தப் பொண்ணு வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், அங்கயே குடுத்துடறேன். ஆனா அவ வாயால கேக்கணும். வராதவங்களுக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் என் சட்டையைப் பிடிப்பாங்க.”

வக்கீல் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். அவள் வீடு ஒரு மாடிப்படிக்கு மேலே ஒற்றை அறை. அன்று அவளும் வேலைக்குப் போகவில்லை. சுவர் ஓரமாக இரண்டு பைகளைக் கட்டி வைத்திருந்தாள். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் மூச்சு வாங்கியதைப் பார்த்து, முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

“கிளம்பும்மா. பேசிட்டேன். நீ வந்து நின்னா போதும், குடுத்துடுவாரு. மூணு மணி வரைக்கும்தான்.”

“வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேனேண்ணா. நாங்க எங்க அக்கா இருக்கிற ஊருக்குப் போறோம்.”

“என் மேல கோபம் இருந்தா நாலு வார்த்தை திட்டு. உன் கால்ல வேணாலும் விழறேன். அதுக்காகக் குழந்தை இடத்தை விடாதே.”

அவள் உண்மையாகவே திகைத்துப் போனாள். “கோபமா? உங்க மேலயா? எதுக்குண்ணா?”

“நான்தானே அந்தப் பேச்சைப் பேசினேன்...”

“பேசினது சரிதானே? சரின்னு தீர்ப்பு சொன்னதே நான்தானே.” அவள் குழந்தையின் மேல் போர்வையை இழுத்துவிட்டாள். “நீங்க விளையாட்டுக்குப் பேசியிருப்பீங்க. நான் விளையாட்டுக்குத் தீர்ப்பு சொல்லலண்ணா. நல்லா யோசிச்சுத்தான் சொன்னேன். அன்னிக்கே வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரரு கிட்டயும் சொன்னேன், நாம நடுவுல ஏறினவங்கதான், யாரோ உக்கார வேண்டிய இடத்துல நம்ம பிள்ளை உக்காந்திருக்குன்னு. அதுக்கப்புறம் இவளைக் காப்பகத்துல விடும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிர முடியல.”

கோபம் என்றால் வக்கீல் தாங்கிக்கொள்ளத் தயாராக வந்திருந்தார். இதற்கு அவர் தயாராக இல்லை.

“அது தப்பும்மா. அந்தப் பேச்சே தப்பு.”

“அப்படியா?” அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அந்த ஆசையைப் பார்த்தபோது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. “எங்க தப்புன்னு சொல்லுங்கண்ணா. எனக்கும் இங்கயே இருக்கத்தான் ஆசை. அதை உடைச்சுக் காட்டுங்க, இப்பவே எழுந்து வர்றேன்.”

இத்தனை வருஷம் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஜெயித்தவர். ஒரு குழந்தையின் இடம் காத்துக்கொண்டிருக்கிறது. உடைக்க வேண்டியது அவரே கட்டியது. “ஊரு ஒண்ணும் பஸ் இல்லம்மா” என்று ஆரம்பித்தார்.

“பஞ்சு அண்ணனும் அதைத்தான் சொன்னாரு. பஸ்ஸுன்னா இறங்கிடலாம், ஊரை விட்டு இறங்க முடியாது, அதனால ஊருக்குத்தான் அந்த நியாயம் அதிகமா வேணும்னு சொன்னீங்க.”

“நீ உழைக்கிறியே, வரி கட்டுறியே...”

“டிக்கெட்டு ஏறுறதுக்கு. உக்கார்றதுக்கு இல்ல.” குத்திக்காட்ட வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கணக்கு சொல்லிக் கொடுத்த வாத்தியாரிடம் ஒப்பிக்கிற பிள்ளை போலச் சொன்னாள்.

“கைக்குழந்தைக்காரிக்கு யாராவது எழுந்து இடம் குடுப்பாங்கம்மா. மனுஷங்கன்னா அதுதானே?”

“யாராவது எழுந்தாங்களாண்ணா?” என்று கேட்டாள். “யாரும் எழுந்திரிக்கல. நீங்க என்னை இப்போ கண்டக்டரைப் போய்க் கேக்கச் சொல்றீங்க. கண்டக்டர் எழுப்பினா அது பிடுங்கினதுதானே?”

அவர் எங்கே ஓட்டை என்று தேடினார். ஓட்டையே இல்லாமல் தைத்திருந்தார் பாவி மனுஷன். கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். சாப்பாட்டு வேளையில் தீர்ப்புக்கு முன் காத்திருப்பது போலத்தான். நகரசபைக்குப் போய்ச் சேர வேண்டிய நேரம் அந்த அறையில் உட்கார்ந்தபடியே கரைந்து போனது.

கடைசியில் அவள்தான் அவருக்காக வருத்தப்பட்டாள். “விடுங்கண்ணா. சரியா இருக்கிறதை உங்களால மட்டும் எப்படி உடைக்க முடியும்?”

குழந்தை புரண்டு படுத்தது. வக்கீல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார்.

தெருமுனையில் ஒரு பஸ் வந்து நின்றது. உள்ளே ஜனங்கள் நசுங்கிக்கொண்டு நின்றார்கள். ‘இத்தனை பேர் நிற்கிறார்களே, இன்னொரு பஸ் விட்டால் என்ன?’ என்று எல்லோரும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார். நினைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடம் போதவில்லை என்றால் யார் உட்காருவது என்று சண்டை போடுவானேன், இடத்தை அதிகமாக்கினால் தீர்ந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை சீட் தைப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒருவனுக்கு, இன்னும் நிறைய சீட் தைக்கலாம் என்பது தோன்றவில்லை. பஞ்சுவுக்குத் தோன்றவில்லை, பைப்பிங்குக்குத் தோன்றவில்லை, கைதட்டிய ஒருவருக்கும் தோன்றவில்லை. இருக்கிற இடம் இவ்வளவுதான் என்று எடுத்த எடுப்பிலேயே அவர் சொல்லாமல் சொல்லிவிட்டார்; எல்லோரும் அதை விழுங்கிவிட்டு, அதில் யார் உட்காருவது என்பதைப் பற்றித்தான் பேசினார்கள்.

நேரத்தைப் பார்த்தார். மூன்று தாண்டிவிட்டது.

திரும்பி அந்த மாடிப்படி வரைக்கும் போனார். முதல் படியில் காலையும் வைத்தார். மேலே போய்ச் சொல்லலாம், அவள் கேட்பாள், யோசிப்பாள். ‘ஆமாண்ணா, இதுதான் சரி’ என்று தீர்ப்பும் சொல்வாள். சொல்லிவிட்டு, மூடிப்போன நகரசபையை நினைத்து, கட்டி வைத்த பைகளைப் பார்ப்பாள். இப்போது அவளிடம் நிம்மதியாவது இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு தான் ஜெயித்துவிட்டு இறங்கி வரலாம்.

அல்லது, அவளுக்குத் தெரிய வேண்டும், பிள்ளையை எங்கே விட்டாலும் தலை நிமிர்ந்து விட வேண்டும், அதற்காகவாவது சொல்ல வேண்டும். இதுவும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் அவருக்குச் சமமாகப் பேச வந்தது. எது அவளுக்காக, எது தனக்காக என்று மட்டும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தன் வாயை நினைத்தால் அவருக்கே அருவருப்பாக இருந்தது. படியில் வைத்த காலை எடுக்கவும் முடியாமல், ஏறவும் முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது. அவள் அதற்கு ஏதோ சொல்லிச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.